விடுமுறை நாளில் யாருக்கு வேர்த்தது?

"திருடன் இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கான்," என்றேன்.

"எந்தக் கேஸ்லதான் நீங்க அதைச் சொல்லாம இருந்தீங்க, தம்பி?" என்றார் அண்ணி. "போன தடவை சொன்னப்போ நாம நின்னுட்டு இருந்தது போலீஸ் ஸ்டேஷன்."

 வாயை மூடியிருந்த முகமூடி நல்ல சாக்காகப் போயிற்று. முதுகில் பூச்சிமருந்து டப்பா, கையில் குழாய், காலில் எனக்குப் பொருந்தாத ரப்பர் பூட்ஸ். நகராட்சித் தலைமை அலுவலகத்தின் பின்வாசலில், விடுமுறை நாளின் மத்தியான வெயிலில், கரப்பான்பூச்சிக்கு மருந்து அடிக்க வந்தவர்களாக நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். நான் எந்த வேஷம் போட்டாலும் துப்பறிகிறவன் வேஷம் போட்டிருக்கிறான் என்று பளிச்செனத் தெரியும். அண்ணி எந்த வேஷமும் போடாமலே மருந்து அடிக்கிறவராகத் தெரிந்தார்.

என் தொழில் திறமையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன். இதுவரை நான் பிடித்த திருடர்களில் பாதிப் பேர் தாங்களாகவே வந்து ஒப்புக்கொண்டவர்கள். மீதிப் பேர் திருடர்களே இல்லை.

அண்ணி என் உதவியாளரானதும் விபத்துதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் அடுத்தவர் பேச்சைக் கேட்டே ரிட்டயர் ஆனவர். "வீட்ல சும்மா இருந்தா உங்க அண்ணன் டி.வி. பார்க்கறதை நான் பார்க்கணும். அதுக்கு உங்க ஆபீஸே தேவலை," என்று வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து என் கேஸ்கள் முடிய ஆரம்பித்தன. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நான் வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

முந்தின நாள் எங்களைத் தேடி வந்தவர் நகராட்சியின் மின்சிக்கன இன்ஜினியர். நடுவயதுப் பெண்மணி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு சொட்டு அழாமல், அழுகிறவரைவிடப் பாவமாகப் பேசினார்.

"ஊர்ல இருக்கற நகராட்சிக் கட்டடம் எல்லாத்துலயும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கற வேலையை என்கிட்ட கொடுத்தாங்க, சார். அறைக்கு அறை கூரையில ஒரு சென்சார் வெச்சேன். ஆள் அசைஞ்சா விளக்கும் ஏசியும் ஓடும். மூணு நிமிஷம் யாரும் அசையலைன்னா ரெண்டும் நின்னுரும். நூலகத்துல பாதியா குறைஞ்சிருச்சு. பம்பிங் ஸ்டேஷன்ல குறைஞ்சிருச்சு. தலைமை அலுவலகத்துல மட்டும் முன்னாடி இருந்ததைவிட ஏறியிருக்கு."

"முன்னாடி எப்படி அணைப்பாங்க?" என்று கேட்டார் அண்ணி.

"சாயங்காலம் வாட்ச்மேன் மாடி மாடியா போய் மெயினை இறக்கிருவார். இனிமே அது வேண்டாம், சென்சார் பார்த்துக்கும்னு நிறுத்தச் சொன்னதே நான்தான்."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"எப்பப் போனாலும் எல்லாம் ஒழுங்கா இருக்கு. நான் வெளியே வந்தா மீட்டர் ஓடுது." அவர் கைப்பையின் வாரை முறுக்கினார். "நாளன்னிக்கு காலையில மன்றக் கூட்டம். மட்டமான கருவியை வாங்கி மாட்டினேன்னு என்னை சஸ்பெண்ட் பண்ணத் தீர்மானம் வருது. வேலை போனாப் போகட்டும் சார். மட்டக் கருவி வாங்கினவள்னு பேர் வந்தா, அப்புறம் ஒரு பல்பு மாத்தக்கூட யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க."

ஆக, யாரோ மின்சாரத்தைத் திருடுகிறார்கள். நான் உடனே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்வதில் நான் எப்போதும் சீக்கிரம்.

வாட்ச்மேன் எங்களுக்கு மீட்டர் அறையைத் திறந்துவிட்டு, மாடிப் பிரிவுகளின் சாவிக்கொத்தையும் கொடுத்துவிட்டு, மருந்து வாடைக்குப் பயந்து வாசலுக்கே போய்விட்டார். மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் அதிகமாக ஓடினால் அது வேகமாக மினுக்கும் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். பூட்டிக் கிடந்த அலுவலகத்தில் அந்தப் பொட்டு, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவனின் கண் மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டது.

"ஒயரைத் தேடுங்க அண்ணி," என்றேன். "எங்கேயோ கொக்கி போட்டிருக்கான்."

ஒயரை நானே கண்டுபிடித்தேன். கறுப்பாக, சந்தேகத்துக்கு இடமாக, சுவரோரம் ஊர்ந்து சைக்கிள் ஷெட்டின் கூரையில் ஏறி, காம்பவுண்டைத் தாண்டி வெளியே போயிற்று. நானும் ஏறினேன். பூட்ஸில் ஒன்று ஷெட்டிலேயே தங்கிவிட்டது. மறுபக்கம் குதித்தபோது எதிரே ஜெராக்ஸ் கடை. ஒயர் நேராக அதன் கூரைக்குள் நுழைந்தது.

கடைக்காரர் கையில் பேப்பர் கட்டோடு பூட்ஸ் இல்லாத என் ஒற்றைக் காலையே பார்த்தார்.

"இந்த ஒயர் உங்களோடதா?" என்று கேட்டேன், குரலைத் தாழ்த்தி. தாழ்ந்த குரலுக்குக் குற்றவாளிகள் நடுங்குவார்கள் என்பது என் நம்பிக்கை.

"ஆமா சார். எத்தனை நாளா சொல்லிட்டு இருக்கேன், இப்பத்தான் கேக்க வந்தீங்களா?" என்று அவர் பேப்பரைக் கீழே வைத்தார். "நெட் கனெக்ஷன் சார் அது. அவங்க நெட் போயிடுச்சு, ரெண்டு நாளைக்குக் கொடுன்னு வாங்கினாங்க. வருஷமே திரும்பப்போகுது. மொத்த நகராட்சியும் என் நெட்லதான் படம் பார்க்குது. என்னிக்கு சார் கழட்டுவீங்க?"

திரும்பி வரும்போது சுவர் ஏறாமல் வாசல் வழியாகவே வந்தேன். அண்ணி சைக்கிள் ஷெட்டின் கீழே என் பூட்ஸைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"பிடிச்சாச்சா?"

"அவர் திருடன் இல்லை அண்ணி. அவர்கிட்டதான் திருடறாங்க."

"அப்ப பாதி கேஸ் முடிஞ்சுது. திருட்டு இருக்கு, ஆள்தான் மாத்தி." பூட்ஸை என்னிடம் நீட்டிவிட்டு, முகத்தைத் தூக்கிக் கட்டடத்தின் பின்சுவரைக் காட்டினார். "அதைக் கொஞ்சம் பாருங்க. இன்னிக்கு லீவு. யாருக்கு இப்படி வேர்க்குது?"

பின்சுவரில் மாடிக்கு மாடி ஏசியின் வெளிப்பெட்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் குழாயிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே இருந்த குரோட்டன்ஸ் செடிகள் மட்டும் அந்த வெயிலிலும் புது மாப்பிள்ளை போலத் தளதளவென்று நின்றன.

ஏசி ஓடுகிறது என்றால் உள்ளே யாரோ அசைகிறார்கள்.

"நான் முதல்லயே சொன்னேன் இல்ல?" என்றேன். "கட்டடத்துக்குள்ளதான் இருக்கான்."

முதல் மாடியில் வரிப் பிரிவு. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினோம். விளக்குகள் ஜகஜ்ஜோதியாக எரிந்தன, அறை ஜில்லென்றிருந்தது. ஆள் இல்லை. நாற்காலிகளெல்லாம் மேஜைக்குள் ஒழுங்காகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தன.

"ஒளிஞ்சிருந்து பார்ப்போம்," என்று கிசுகிசுத்தேன். ஒளிந்து காத்திருப்பதில் நான் மன்னன். நான் காத்திருந்து எவனும் வந்ததில்லை என்பது வேறு விஷயம். இரண்டு பீரோக்களுக்கு நடுவில் குந்தினோம். "அசையாதீங்க அண்ணி. மூணு நிமிஷத்துல விளக்கு அணையும். இருட்டுல அவன் தைரியமா வெளியே வருவான்."

மூன்று நிமிஷம் போயிற்று. இன்னொரு மூன்றும் போயிற்று. என் இடது கால் மரத்து, அது யாருடைய கால் என்பதே எனக்கு மறந்துவிட்டது. விளக்கு அணையவில்லை.

எனக்கு முதுகுத்தண்டில் சிலீர் என்றது. ஏசியின் சிலீர் வேறு, இது வேறு.

"அண்ணி," என்றேன் உதடு அசையாமல். "நாம ரெண்டு பேரும் அசையலை. விளக்கு அணையலை. அப்ப இந்த ரூம்ல மூணாவதா ஒருத்தன் அசைஞ்சிட்டிருக்கான்."

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சரியான தர்க்கம் அது. ஆனால் அதைத் தர்க்கமாக அல்ல, பயமாகத்தான் செய்தேன். ஏதோ சரசரவென்று சத்தம். மூலையில். நான் பாய்ந்து எழுந்து, "கையைத் தூக்குடா," என்று கத்தி, பூச்சிமருந்தை அந்த மூலைக்கு முழுசாகப் பீய்ச்சினேன்.

புகை அடங்கியது. அண்ணி இருமி முடித்தார்.

"அவனுக்குக் கை இல்லை, தம்பி," என்றார். "தேதிதான் இருக்கு."

சுவரில் ஒரு பெரிய காலண்டர். அதன் தாள்கள் படபடவென்று எழும்பி எழும்பி விழுந்தன. எதிரே பீரோவின் தலையில் ஒரு டேபிள் ஃபேன், காலண்டரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. காலண்டருக்கு நேர் மேலே கூரையில் சென்சார்.

"ஃபேன் எதுக்கு வைப்பாங்க? மனுஷன் மேல காத்து பட," என்றார் அண்ணி. "இது சுவத்துக்கு விசிறிட்டு இருக்கு. நான் உள்ளே வந்ததும் பார்த்தேன். நீங்க ரொம்ப ஆசையா ஒளிஞ்சீங்களா, கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"உங்களுக்குக் கால் மரத்துப்போறது எனக்கு எப்படித் தெரியும்?"

அதன்பிறகு அறை அறையாகப் போனோம். சுகாதாரப் பிரிவில் ஏசியின் வாயில் ஜிகினாத் தாளைக் கீற்றுக் கீற்றாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஏசி ஊதும், ஜிகினா ஆடும், ஜிகினா ஆடுவதால் ஏசி ஊதும். உலகம் அழிந்தாலும் அது நிற்காது. கணக்குப் பிரிவில் இன்னொரு ஃபேன், முன்னால் ஒரு பழைய கைத்துண்டு. பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் குழந்தைத் தொட்டிலுக்கு மேலே கட்டுகிற சுழல் பொம்மை. பிளாஸ்டிக் யானைகள் கூரைக்குக் கீழே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன.

கட்டடம் முழுவதும் ஆள் இருப்பதாக அந்தக் கட்டடமே நம்பிக்கொண்டிருந்தது. ராத்திரி பகல், லீவு நாள் என்று எந்த பேதமும் இல்லாமல்.

"யார் இப்படிச் செஞ்சிருப்பா?" என்று நான் கேட்டபோது கதவு திறந்தது. மறந்துபோன குடையை எடுக்க வந்த ஒரு அம்மாள். எங்களைப் பார்த்ததும் அவர் கண் குடைக்குப் போகவில்லை. நேராக யானைகளுக்குப் போயிற்று.

நான் விசாரணையைத் தொடங்கத் தொண்டையைச் செருமினேன். அண்ணி என் பூட்ஸின் மேல் மிதித்தார்.

"வாங்கக்கா," என்றார் அந்த அம்மாளிடம். "கரப்பானுக்கு மருந்து அடிக்க வந்தோம். இந்த யானை ரொம்ப அழகா இருக்கு. எங்க வாங்கினீங்க?"

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் குரல் அது. அந்தக் குரலுக்கு ஊரே ரகசியம் சொல்லியிருக்கிறது. பதிவுப் பிரிவு அக்கா இரண்டு விநாடி தயங்கினார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என் பேத்தியோடது. அவ வளர்ந்துட்டா. வேற என்னதான் செய்யச் சொல்றீங்க? குனிஞ்சு சர்டிஃபிகேட் எழுதறேன். எழுதறவ டான்ஸா ஆடுவா? மூணு நிமிஷத்துல பொட்டுனு அணைஞ்சிரும். கையைத் தூக்கி ஆட்டுவேன். கவுன்ட்டர்ல நிக்கறவர் தன்னைத்தான் கூப்பிடறேன்னு உள்ளே வந்துருவார். எங்க பிரிவுல வேலை பார்த்தா இருட்டு, எந்திரிச்சு ஊர்வம்பு பேசப் போனா வெளிச்சம். இதுதான் நிலைமை."

"இன்ஜினியரம்மாகிட்ட சொல்லலாமே?"

"சொல்லியிருப்போம். அதுக்குள்ள தலைவர் ஆரம்பிச்சுட்டாரே." அக்கா குரலைத் தணித்தார். "நகராட்சித் தலைவருக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் வண்டியில ஏறறதுக்கு முன்னாடி முற்றத்துல நின்னு மாடி ஜன்னலை எல்லாம் அண்ணாந்து பார்ப்பார். விளக்கு எரிஞ்சா வேலை நடக்குது. இருட்டா இருந்தா சோம்பேறிங்க. மறுநாள் மைக்ல சொல்லுவார், 'நேத்து வரிப் பிரிவு தூங்கிருச்சு போல'ன்னு. ஊரே சிரிக்கும். முதல்ல வரிப் பிரிவுதான் காலண்டர் மாட்டினாங்க. அவங்க எரியறப்போ நாங்க இருட்டா இருக்க முடியுமா?"

"ராத்திரியிலயும் ஓடுதே."

"வீட்டுக்குப் போறப்போ யார் முதல்ல நிறுத்தறது? அவர் கீழே நிக்கறப்போ எந்த ஜன்னல் முதல்ல இருண்டாலும் அந்தப் பிரிவுக்கு மானம் போச்சு. அதனால யாரும் நிறுத்தறதில்லை. இன்ஜினியரம்மா வந்தா மட்டும் வாட்ச்மேன் போன் பண்ணுவார், எல்லாத்தையும் கழட்டிருவோம்." அவர் எங்களைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீங்க கரப்பானுக்கு வரலை, இல்லையா?"

"இவர் எதுக்குமே லாயக்கில்லாதவர் அக்கா, பயப்படாதீங்க," என்றார் அண்ணி. "ஆனா நாளைக்குக் காலையில அந்த இன்ஜினியரம்மாவுக்கு வேலை போகுது. மட்டக் கருவி வாங்கினாங்கன்னு."

அக்காவின் முகம் வாடியது. பொம்மையை அண்ணாந்து பார்த்தார். "நல்ல பொண்ணு. என்னை நிக்க வெச்சுப் பேசினதே இல்லை. ஆனா எங்க பேர் வந்தா, கருவியைக் கெடுத்தவங்கன்னு எங்க எல்லாருக்கும் மெமோ வரும். நான் ரிட்டயர் ஆகற நேரம்."

இதுதான் சிக்கல். உண்மையைச் சொன்னால் மாடி மாடியாக எல்லோருக்கும் மெமோ. சொல்லாவிட்டால் ஒருத்திக்கு வேலை போகும். திருடன் என்று ஒருவன் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அவனைப் பிடிக்காமல் விட்டிருப்பேன், அவ்வளவுதான்.

அண்ணி எழுந்து வராந்தாவின் கோடி வரை நடந்தார். அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய அறை, பூட்டியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பளீரென்று வெளிச்சம்.

"இது யாரோட ரூம் அக்கா?"

"தலைவரோடது. அவர் லீவுக்கு ஊர்லயே இல்லையே."

நாங்கள் மூவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டினோம். உள்ளே தலைவர் நின்றிருந்தார். ஆள் உயர அட்டைக் கட்-அவுட். மின்சிக்கனத் திட்டத்தின் தொடக்க விழாவுக்குச் செய்தது. ஒரு கையில் பல்பு, மறுகை விரலை நீட்டி, வாயெல்லாம் சிரிப்பு, நெஞ்சுக்குக் கீழே 'ஒவ்வொரு துளி மின்சாரமும் மக்கள் சொத்து' என்று பெரிய எழுத்து. பக்கத்தில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன். காற்றில் தலைவர் முன்னும் பின்னும் ஆடி, "ஆமா, ஆமா," என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ரோட்ல போறவங்க ராத்திரி பார்த்துட்டு, தலைவர் இன்னும் வீட்டுக்குப் போகலை பாருன்னு பெருமையா பேசிப்பாங்க," என்றார் அக்கா மெதுவாக. "நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்."

அண்ணி என் தோளைத் தட்டினார். "தம்பி, உங்க திருடன் கட்டடத்துக்குள்ளதான் இருக்கான். இந்தத் தடவை நீங்க சொன்னது சரி. என்ன, கொஞ்சம் தட்டையா இருக்கான்."

அன்று சாயங்காலம் இன்ஜினியருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். 

"மூணு நிமிஷம்," என்றார் எதிர்முனையில். "ஆளுங்க மூணு நிமிஷம்கூட அசையாம உக்காந்து எழுதுவாங்கன்னு நான் யோசிக்கவே இல்லை. நான் நின்னுகிட்டே வேலை பார்க்கறவ. ஒரு நாள் அவங்க பக்கத்துல உக்காந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்." பிறகு சொன்னார்: "போட்டோ காட்டினா நானே செட்டப் பண்ணினேன்னு சொல்லிருவாங்க. கிளார்க்குங்களை மாட்டிவிடவும் நான் தயாரில்லை. வேற வழி இருந்தா சொல்லுங்க. இல்லன்னா விட்டுருங்க."

நான் யோசிப்பதாகச் சொன்னேன். அண்ணி போனைப் பிடுங்கி, "வழி இருக்கு," என்றார்.

மறுநாள் காலை மன்றக் கூடம் நிறைந்திருந்தது. ஜன்னலே இல்லாத கூடம் அது. மேடையில் தலைவர். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் அவர் அறைக்குப் போகும் இன்னொரு கண்ணாடிக் கதவு. பிரிவுகளில் இருந்த காலண்டரும் கைத்துண்டும் யானையும் காலை வேலை தொடங்கும் முன்பே அக்காவின் உபயத்தில் காணாமல் போயிருந்தன. தலைவரின் அறைச் சாவி மட்டும் அக்காவிடம் இல்லை.

நான் 'வெளியூர் மின்சார நிபுணர்' என்ற பெயரில் இன்ஜினியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோட்டு அண்ணனுடையது. அண்ணி திரைக்கு அருகில் ஒரு ஓரமாக, தண்ணீர் வைக்க வந்தவர் மாதிரி நின்றார். அந்த வேஷத்துக்கும் அவர் எதுவும் மாற்றவில்லை.

தலைவர் தீர்மானத்தைக் கையில் எடுத்தார். "தரமில்லாத கருவிகள். மக்கள் சொத்து வீண். சம்பந்தப்பட்ட இன்ஜினியர் கடைசியா ஏதாவது சொல்ல விரும்பினா சொல்லலாம்."

"என் சார்பா இவர் சொல்வார்," என்றார் இன்ஜினியர்.

எழுந்தேன். நேற்று ராத்திரி கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த உரை முழுவதும் மறந்துபோயிற்று. ஒரு வரிதான் மிஞ்சியது.

"கருவி வேலை செய்யுதா இல்லையான்னு இங்கயே சோதிச்சுப் பார்த்துரலாம். எல்லாரும் மூணு நிமிஷம் அசையாம உக்காரணும். அணையலைன்னா கருவி மட்டம். தீர்மானத்தை நிறைவேத்திருங்க."

"இவ்வளவுதானே," என்றார் தலைவர். "உக்காருங்க எல்லாரும்."

மக்கள் பிரதிநிதிகள் அசையாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் முறை, எல்லோரும் 'மைக் முழுங்கி' என்று கூப்பிடும் உறுப்பினர் ஒரு நிமிஷத்திலேயே எழுந்து, மௌனம் காப்பதை எதிர்த்துப் பேச அனுமதி கேட்டார். இரண்டாம் முறை ஒருவருக்குத் தும்மல். மூன்றாம் முறை அசைந்தது நான்தான். கோட்டு அரித்தது. இன்ஜினியர் என்னைப் பார்த்த பார்வையில் ஃபீஸே கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

நாலாவது முறை எல்லோரும் சிலையானார்கள். ஏசியின் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, யாரோ பெருமூச்சு விட்டது போல, அதுவும் நின்றது. விளக்குகள் ஒருசேர அணைந்தன.

கும்மிருட்டு. அந்த இருட்டில் திரை ஒதுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. சென்சாரின் பார்வை படாத மூலை அது என்று இன்ஜினியர் அண்ணியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

மேடைக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு சினிமாத் திரை மாதிரி ஒளிர்ந்தது. பூட்டிய அறை, எரிகிற விளக்குகள். நடுவில் அட்டைத் தலைவர், கையில் பல்போடு, மன்றத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார். அவருக்கு முன்னால் நிஜத் தலைவரின் தலை கறுப்பு நிழலாகத் தெரிந்தது. அது, சென்சாருக்குக்கூடத் தெரியாத அளவு மெல்லத் திரும்பி, தன்னைத்தானே பார்த்தது.

யாரும் பேசவில்லை. யாரும் அசையவுமில்லை. முதலில் அசைகிறவன் விளக்கை எரிய வைப்பான். விளக்கு எரிந்தால் தலைவரின் முகத்தைப் பார்க்க வேண்டி வரும். அந்தத் துணிச்சல் ஆளுங்கட்சிக்கும் இல்லை, எதிர்க்கட்சிக்கும் இல்லை. நிபுணருக்குச் சுத்தமாக இல்லை.

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. விளக்குகள் எரிந்தன. இன்ஜினியர் எழுந்து நின்றிருந்தார்.

"தலைவர் அவர்களே," என்றார்.  "இந்தக் கூடத்துல யாரும் அசையலை, அணைஞ்சுது. உங்க அறையில ஒருத்தர் அசைஞ்சுட்டே இருக்கார், அணையலை. என் கருவி சரியாத்தான் வேலை செய்யுது. தப்பு ரெண்டு இருக்கு. உக்காந்து எழுதறவங்களுக்கு மூணு நிமிஷம் போதாது. அது என் தப்பு. இன்னிக்கே மாத்தறேன். மேஜைக்கு மேஜை ஒரு சுவிட்சும் வைக்கறேன்."

"இன்னொண்ணு?" என்று கேட்டார் மைக் முழுங்கி ஆவலோடு.

 இன்ஜினியர் தலைவரையே பார்த்தபடி நின்றார்.

தலைவர் கையிலிருந்த தீர்மானத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குள் தலையாட்டும் தன்னைப் பார்த்தார். அரசியலில் அவர் இத்தனை காலம் பிழைத்தது சும்மா இல்லை. தாளை இரண்டாகக் கிழித்து மேஜையில் வைத்தார்.

"ஜன்னலைப் பார்த்து ஆளை எடை போடறவன் நான். அது இன்னொண்ணு," என்றார். பிறகு தன் பி.ஏ.விடம், தலையைத் திருப்பாமல்: "போய் அந்த ஃபேனை நிறுத்துய்யா."

பி.ஏ. ஓடினார். கண்ணாடிக்குள் அவர் பூட்டைத் திறந்து நுழைவதும், ஃபேனை அணைப்பதும், கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுவதும் தெரிந்தது. அட்டைத் தலைவரின் ஆட்டம் குறைந்தது. இன்னும் குறைந்தது. நின்றது. மன்றம் முழுவதும் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த அறை அணையுமா, அணையாதா என்ற ஒரே கேள்வி. மைக் முழுங்கிகூட வாயைத் திறக்கவில்லை.

எல்லோரும் அவ்வளவு அசையாமல் பார்த்ததில் கூடத்தின் விளக்குகளே முதலில் அணைந்தன. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சற்றுப் பொறுத்து, கண்ணாடிக்கு அப்பால் அந்த அறையும் பொட்டென்று இருண்டது.

முழு இருட்டில் வாசல் பக்கமிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. விளக்குகள் எரிந்தன. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பதிவுப் பிரிவு அக்கா இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வரிப் பிரிவு தட்டியது, சுகாதாரம் தட்டியது, கணக்கு தட்டியது. இன்ஜினியர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

அது எனக்கான கைதட்டல் என்று நினைத்து நான் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டேன். அண்ணி வந்து என் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.